ஜெர்மனி வீட்டுக் காற்றும் ஆம்பூர் குடோனும்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று பாலாற்றை ஒட்டிய தோல் ஊர்களைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் தண்ணீரில்தான் ஆரம்பிப்பார்கள். நியாயம்தான். 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும், 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னதும் சட்டக் கல்லூரிப் பாடமாகிவிட்டன. ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டதும், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பதை நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதிப்படுத்தியதும் அந்தத் தீர்ப்புதான்.

இந்தக் குறிப்பு கூரைக்குக் கீழே இருக்கிற காற்றைப் பற்றியது. அதிலும் குறிப்பா பூசணத்தைப் பற்றியது. பூசணம் ஒரு சில்லறை விஷயம் மாதிரித் தோணும். மழைக்காலத்தில் பீரோவில் வைத்த செருப்பில் பூப்பது, துணியால் துடைத்தால் போவது, அவ்வளவுதானே என்பார்கள். ஆனா இந்த வட்டாரத்தின் ஏற்றுமதியை ஒரு காலத்தில் கழுத்தைப் பிடித்து நிறுத்தியது இதே பூசணத்துக்கான மருந்துதான். அந்தக் கதையைப் பின்தொடர்ந்து போனால், இங்கே யாருக்காக என்ன அளக்கப்பட்டது என்பது கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது.

காற்றுக்காகக் கட்டிய கட்டடம்

முதலில் தோலின் சங்கதி. உரித்த தோலை அழுகாமல் வைக்க உப்பு போடுகிறோம். பிறகு சுண்ணாம்பு, முடி நீக்கம், பதனிடுதல். பதனிட்டுவிட்டால் பாக்டீரியாவின் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனா பூசணத்தின் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கும். ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் இனங்களுக்கு அமிலம் ஒரு பொருட்டே இல்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலில் அவற்றுக்குத் தீனியும் உண்டு. ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற கருப்புப் பூசணம், துவர்ப்புப் பொருளான டானினையே உடைத்துத் தின்கிற நொதியைச் சுரக்கக் கூடியது. அதாவது தோலைக் காப்பாற்றப் போட்ட பட்டையே பூசணத்துக்குச் சோறு.

பழைய ஆட்கள் இதற்குக் கண்ட வழி காற்று. 19-ம் நூற்றாண்டில் லண்டன் ஏலச் சந்தைக்குப் போன 'ஈஸ்ட் இந்தியா' தோல் எல்லாம் இப்படிப் பட்டைத் தண்ணீரில் ஊறி, நிழலில் காய்ந்து போனதுதான். பழைய டேனரிக் கட்டடம் எதையாவது பார்த்தவர்களுக்குத் தெரியும்: கீழே குழிகளும் தொட்டிகளும், மேலே சுவருக்குப் பதில் மரச்சட்டங்கள், ஓட்டுக்கூரை, குறுக்கே கழிகள். வெயில் நேராகப் பட்டால் தோல் விறைத்து வெடிக்கும், காற்றே படாவிட்டால் பூசணம் பூக்கும். இரண்டுக்கும் நடுவே நிற்கத்தான் அந்தச் சட்டமிட்ட மேல்தளம். அங்கே வேலை பார்த்தவருக்கும் அந்தக் காற்று கிடைத்தது. கீழே சுண்ணாம்புக் குழியில் இறங்கியவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அந்தக் காலத்து டேனரி ஆரோக்கியமான இடம் என்று நான் சொல்ல வரவில்லை. 1700-லேயே இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, தொழிலாளர் நோய்களைப் பற்றிய தன் நூலில் எண்ணெய் ஆட்டுகிறவர்களோடு தோல் பதனிடுகிறவர்களையும் சேர்த்து, அவர்களுடைய வெளிறிய முகத்தையும் மூச்சுத் திணறலையும் குறித்து வைத்திருக்கிறார். 1931-ல் அறிக்கை தந்த தொழிலாளர் ராயல் கமிஷன், தொழிற்சாலைச் சட்டத்துக்கு வெளியே கிடந்த கூடங்களைப் பேசும்போது பீடிக் கூடங்களோடு டேனரிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். மேல்தளம் திறந்திருந்தது தோலுக்காக. ஆளுக்குக் கிடைத்தது அதன் மிச்சம். பின்னாடி நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

குரோம், குடோன், மருந்து

1900-களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னை மாகாணத்தில் குரோம் பதனிடும் முறையைக் கொண்டுவந்தார். சென்னைப் புறநகரின் குரோம்பேட்டைக்குப் பேர் வந்தது அங்கே இருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். ஆனா பாலாற்றங்கரை அடுத்த பல பத்தாண்டுகளுக்குப் பட்டைத் தோலையே பெரும்பாலும் நம்பியிருந்தது. பெரிய திருப்பம் 1970-களில் வந்தது. சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 1973-ல் பதனிடாத தோலின் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது, பாதி பதனிட்ட தோலுக்கு அளவு கட்டப்பட்டது. தோலாக அனுப்பாதே, பொருளாகச் செய்து அனுப்பு என்பது கொள்கை. ஷூ, கையுறை, பை என்று கம்பெனிகள் பெருகின. சுற்றுக் கிராமத்துப் பெண்களைக் காலையில் ஏற்றிவந்து சாயங்காலம் இறக்கிவிடும் கம்பெனி பஸ்கள் ஆம்பூர்ப் பக்கம் அன்றாடக் காட்சி ஆனது இதற்குப் பிறகுதான்.

கட்டடமும் இதோடு மாறியது. 'வெட் ப்ளூ' என்று சொல்கிற, குரோம் ஏறிய நீலத்தோல் ஈரமாகவே அடுக்கி வைக்கப்படும். பாதி எடைக்கு மேல் தண்ணீர், கொஞ்சம் அமிலம், வேலூர் வெக்கை. பூசணம் வேறென்ன கேட்கும்? அந்தத் தோல் காற்றாடக் கழியில் தொங்குவதில்லை. பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, பலகைமேல் அடுக்கி, குடோனில் வாரக்கணக்கில் கிடக்கும். முடித்த தோலும் ஷூவும் தூசி படக்கூடாது, நிறம் மங்கக்கூடாது என்று மூடிய அறைக்குப் போயின. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஊறும். ஷீட் கூரையின் அடியில் ராத்திரி வியர்க்கும். ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் பூசணம்.

காற்று செய்த வேலையை இனி மருந்து செய்ய வேண்டியதாச்சு. அப்படி உலகம் முழுக்கத் தோல்காரர்கள் பிடித்துக்கொண்ட மருந்துதான் பென்டாகுளோரோஃபீனால், சுருக்கமா பி.சி.பி. விலை மலிவு. அதன் சோடியம் உப்பு தண்ணீரில் எளிதாகக் கரையும். கொஞ்சம் போட்டாலே பூசணம் அண்டாது.

அது உடம்புக்குள் என்ன செய்யும்? மூச்சு வழியாகவும் போகும், தோல் வழியாகவும் போகும். செல்லுக்குள் சக்தி சேமிக்கப்படுவதைக் கெடுத்து, அந்தச் சக்தியை வெறும் சூடாக வெளியே விட்டுவிடும். அதிகமாகப் பட்டவருக்குக் கொட்டுகிற வியர்வையும் கட்டுக்கடங்காத உடல் சூடும் வரும். வெக்கையில் வேலை பார்க்கிறவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். வேலூர் மே மாதத்தில் ஒருத்தர் வியர்த்துக் கொட்டினால் அது வெயிலா, மருந்தா என்று யார் பிரித்துப் பார்ப்பார்கள்? பி.சி.பி.யோடு தயாரிப்பின்போதே டயாக்சின்களும் கலந்து வரும் என்பது இன்னொரு கணக்கு. 2015-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இதை நிலைத்து நிற்கும் நச்சுகளின் பட்டியலில் சேர்த்தது. 2016-ல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற முதல் பிரிவில் வைத்தது.

ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு வழக்கு

இப்போ கொஞ்சம் ஜெர்மனிக்குப் போய்வர வேண்டும். ஆம்பூரில் பி.சி.பி. நின்றதற்கான காரணம் அங்கேதான் கிடக்கிறது.

1960, 70-களில் மேற்கு ஜெர்மனியில் வீட்டுச் சுவருக்கும் கூரைக்கும் மரப்பலகை அடிப்பது நாகரிகமாக இருந்தது. பூசணமும் பூச்சியும் வராமல் இருக்க அந்தப் பலகைமேல் மரக்காப்பு எண்ணெய் பூசுவார்கள். அதில் பி.சி.பி.யும் லிண்டேனும் இருந்தன. கொஞ்ச நாளில் அந்த வீடுகளில் இருந்தவர்கள் தலைவலி, சோர்வு, தோல் பிரச்சினை, குழந்தைகளுக்கு ஓயாத நோய் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மருந்து பலகையிலிருந்து மெல்ல மெல்ல அறைக் காற்றில் கலந்து, வீட்டுத் தூசியில் படிந்துகொண்டிருந்தது. 1983-ல் பாதிக்கப்பட்டவர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் குற்ற வழக்கு நடந்தது. 1993-ல் தண்டனை விதித்த தீர்ப்பை 1995-ல் மேல்நீதிமன்றம் ரத்து செய்தது. கடைசியில் சமரசத்தில் முடிந்த அந்த வழக்கின் பலனாக, கீசன் பல்கலைக்கழகத்தில் அறைக் காற்றின் நச்சியலுக்கு என்றே ஒரு பேராசிரியர் இருக்கை வந்தது.

வழக்கு முடியும் முன்பே சட்டம் வந்துவிட்டது. 1989 டிசம்பரில் ஜெர்மனி பி.சி.பி.யைத் தடை செய்தது. பொருள்களில் இருக்கக்கூடிய உச்ச அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம். தோலுக்கும் இதே கணக்கு.

இந்தியத் தோலை வாங்குகிற பெரிய நாடுகளில் ஒன்று ஜெர்மனி. சரக்கு திரும்பி வரும் என்ற பயம் பாலாற்றங்கரையை உலுக்கியது. அடையாற்றில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று மருந்துகளைச் சோதித்தது, பரிசோதனை வசதி செய்து கொடுத்தது. இந்தியாவிலும் பி.சி.பி.க்குத் தடை வந்தது. கொஞ்ச வருஷத்தில் தொழில் மாறிக்கொண்டது. அதே ஊர், அதே முதலாளிகள், அதே காலம். கழிவுநீர் விஷயத்தில் ஐந்து வருஷம் உச்ச நீதிமன்றத்தில் இழுத்தடித்து, மூடுவோம் என்று மிரட்டின பிறகே அசைந்த தொழில், பூசண மருந்தை மட்டும் அப்படி மாற்றிவிட்டது. மருந்து சரக்கோடு கப்பலேறிப் போகும், தண்ணீர் இங்கேயே தங்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

எனக்கு இதில் உறுத்துகிற இடம் வேறு. ஜெர்மன் சட்டத்தின் வேர் என்ன? மூடிய அறையில் மனிதர் இழுத்த மூச்சு. அது நம்ம ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தது? தோலின் ஒரு கிலோவில் எத்தனை மில்லிகிராம் என்ற எண்ணாக. ஆய்வகத்துக்குப் போனது ஒரு துண்டுத் தோல். டிரம்மில் மருந்து கொட்டியவரின் சிறுநீரோ, குடோன் காற்றோ போகவில்லை. மனிதரின் மூச்சிலிருந்து பிறந்த விதி, கடல் தாண்டும்போது மனிதரை இறக்கிவிட்டு எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தது. தடையால் இங்கே தொழிலாளிக்கும் நன்மைதான், சந்தேகமில்லை. ஆனா அந்த நன்மையும் பழைய மேல்தளத்துக் காற்று மாதிரி, தோலுக்குக் கிடைத்ததன் மிச்சம்.

சோபாவும் சின்னப் பொட்டலமும்

கதை அதோடு நிற்கவில்லை. பி.சி.பி. போன இடத்துக்கு வந்தவற்றில் முக்கியமானது டி.சி.எம்.டி.பி. என்ற மருந்து. நிலைத்து நிற்காது, அந்த வகையில் பரவாயில்லை. ஆனா செறிவாகப் பட்டால் தோலையும் கண்ணையும் கடுமையாக எரிக்கும், சிலருக்கு ஒவ்வாமையும் தரும்.

2007, 2008-ல் பின்லாந்து, பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளில் புது சோபாவில் உட்கார்ந்தவர்களுக்கு முதுகிலும் தொடையிலும் தீக்காயம் மாதிரிப் புண் வந்தது. சீனாவில் செய்த சோபாக்களுக்குள் பூசணம் வராமல் இருக்க டைமெத்தில் ஃபியூமரேட் தூள் பொட்டலங்களை வைத்திருந்தார்கள். உட்கார்ந்த சூட்டில் தூள் ஆவியாகித் தோல் வழியே வெளியே வந்தது. 2009 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்றது. செருப்புப் பெட்டிக்குள் இருக்கிற 'சாப்பிடாதே' பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று ஏற்றுமதிக் கம்பெனிகள் எல்லாமே கணக்குக் காட்ட வேண்டியதாச்சு. உட்கார்ந்தவரின் புண் உலகச் செய்தி. அந்தத் தூளை நாள் முழுக்கப் பொட்டலம் கட்டியவர் எந்தச் சூட்டில், எந்த அறையில் இருந்தார் என்பது செய்தியில் வரவில்லை.

இன்று ஏற்றுமதி ஷூ கம்பெனிகளில் பூசணத்தைத் தடுக்க நல்ல ஒழுங்கு இருக்கிறது. பேக்கிங்குக்கு முன் ஈரமானி வைத்துப் பார்ப்பார்கள். அறையில் காற்றின் ஈரப்பதம் காட்டும் கருவி தொங்கும், ரிஜிஸ்டரில் நேரம் போட்டு எழுதுவார்கள். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூசணத்துக்குக் கொண்டாட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். வாங்குகிறவருக்காக எழுதுகிற ரிஜிஸ்டர் அது.

சட்டத்தில் என்ன இருக்கிறது

2025 வரை அமலில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தைப் புரட்டினால் காற்றுக்கு இடம் இருக்கத்தான் செய்தது. 13-ம் பிரிவு புதுக்காற்று ஓட்டத்தையும் வேலை செய்யத் தோதான வெப்பத்தையும் கேட்டது. 14-ம் பிரிவு தூசியும் புகையும் கிளம்புகிற இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றச் சொன்னது. 16-ம் பிரிவு ஆளுக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்றது. இரண்டாம் அட்டவணையில் ரசாயனங்களுக்கு உச்ச வரம்பு இருந்தது. டேனரிக் குழியில் ஆளைச் சாய்க்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு எட்டு மணி நேரச் சராசரி பத்து லட்சத்துக்குப் பத்து பங்கு.

பூசணத்துக்கு எண் கிடையாது. இதைச் சட்டத்தின் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. 2009-ல் ஈரமும் பூசணமும் குறித்து வழிகாட்டுதல் வெளியிட்ட உலகச் சுகாதார நிறுவனமே, இத்தனைக்கு மேல் ஆபத்து என்று எண் சொல்ல முடியாது என்றது. காரணம் இருக்கிறது. காற்றில் பூசண வித்து எங்கும் உண்டு, வெளியிலும் உண்டு. ஆண்டர்சன் 1958-ல் வடிவமைத்த கருவி நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்றை இழுத்து, தட்டில் வளர விட்டு எண்ணும். காலையில் எடுத்த எண்ணிக்கையும், ஒரு கட்டை உதறினபின் எடுத்த எண்ணிக்கையும் பல மடங்கு வித்தியாசப்படலாம். செத்த வித்து தட்டில் வளராது, ஆனா மூச்சுக்குள் போனால் ஒவ்வாமை தரும். ஆக, ஒரு நாள் வந்து காற்றைப் பிடித்துக்கொண்டு போய், 'அளவுக்குள் இருக்கிறது' என்று சான்றிதழ் தருகிறவரைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்க்கலாம். எந்த அளவுக்குள்?

அப்போ என்னதான் வழி? கண்ணும் மூக்கும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2018-ல் ஒரு எளிய படிவம் தந்தது. அறை அறையாகப் போய்க் கூரை, சுவர், ஜன்னல், தரை, குழாய், சாமான் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியது. ஈரம் இருக்கிறதா, கறை இருக்கிறதா, பூசணம் கண்ணுக்குத் தெரிகிறதா, வாடை வருகிறதா? இல்லையென்றால் 0. ஒரு தாள் அளவுக்கு என்றால் 1. அதற்கு மேல், ஒரு கதவு அளவு வரை 2. அதையும் தாண்டினால் 3. கருவி வேண்டாம், ஆய்வகம் வேண்டாம். அதே அறையை மாதாமாதம் பார்த்தால் போதும், எங்கே ஒழுகுகிறது, எங்கே பரவுகிறது என்று தெரிந்துவிடும்.

இது அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் செய்த படிவம், தோல் குடோனுக்கு அப்படியே பொருந்தாது. நம்ம ஊர்க் கூடத்தில் வெட் ப்ளூ அடுக்கின் அடிப்பலகை, பழைய தோல் துண்டு மூட்டை, அட்டைப் பெட்டி சுவரோடு ஒட்டி நிற்கிற மூலை, பஃபிங் தூசி படிந்த விட்டம் எல்லாம் பட்டியலில் சேர வேண்டும். வாடைக்கும் ஒரு எச்சரிக்கை தேவை. சல்ஃபைடு வாடையிலும் பசை வாடையிலும் பழகின மூக்கு பூசண வாடையைப் பிடிக்காது. முதல் நாள் வேலைக்கு வந்தவரைக் கேட்பது நல்லது. இன்னொன்று, இங்கே தொழிற்சாலை சிலருக்குப் படுக்கையறையும்கூட. 2015 ஜனவரி 31 விடிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் செத்தபோது, அவர்கள் பக்கத்து டேனரிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எட்டு மணி நேரச் சராசரி என்ற கணக்கெல்லாம் ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகிறவருக்குத்தான் பொருந்தும்.

ரிஜிஸ்டர் யாருக்கு

பூசணம் நுரையீரலில் செய்வது மெதுவான வேலை. பழகப் பழக மூச்சு இறுகும், சாயங்காலம் காய்ச்சல் மாதிரி இருக்கும், லீவு நாளில் குறையும். டாக்டர் ஆஸ்துமா என்பார், சளி என்பார். கான்பூர் டேனரிகளில் ரஸ்தோகி குழுவினர் 197 தொழிலாளர்களைப் பரிசோதித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 40.1 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு நோய் இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த மற்றவர்களில் 19.6 சதவீதம். டேனரிக்காரர்களிடம் முதலிடம் சுவாச நோய்களுக்கு. அதில் குரோமியத் தூசியின் பங்கு எது, பூசணத்தின் பங்கு எது என்று நோயாளியின் நெஞ்சை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. அவர் இருந்த அறையையும் பார்க்க வேண்டும்.

இங்கேதான் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2025 வரை அமலில் இருந்த 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே, உயிர்ப்பொருள் தூசியைச் சுவாசிப்பதால் வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி தொழில்நோயாக இருந்தது. பூசண வித்து அந்த வகைக்குள் வரும். நோய் பட்டியலில் உண்டு, இழப்பீடும் உண்டு. ஆனா பத்து வருஷம் பேக்கிங்கில் நின்ற ஒரு பெண் அந்தக் கதவைத் தட்டப் போனால் கையில் என்ன கொண்டுபோவார்? அந்த அறை ஈரமாக இருந்தது, சுவர் பூத்திருந்தது என்பதற்கு ஒரு தாள் வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால் அந்தத் தாளில் பாதி ஏற்கெனவே எழுதப்படுகிறது. ஈரப்பத ரிஜிஸ்டர் தேதி, நேரம், அளவோடு கம்பெனி மேஜையில்தான் இருக்கிறது, சரக்குக்காக. அதே பக்கத்தில் இன்னும் நாலு கட்டம் போட்டால் போதும்: கூரை, சுவர், தரை, வாடை. அதன் நகல் ஒன்று பாதுகாப்புக் குழுவுக்கு; தொழிலாளர் பிரதிநிதிகளோடு அப்படி ஒரு குழு அமைக்க 2020-ன் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பே இடம் தருகிறது. செலவு ஒரு பேனா.

அடுத்த பதிவில் இந்தக் கூடங்களின் பசை வாடையை, அதாவது கரைப்பான்களின் கதையை எழுத உத்தேசம். அதற்குள் ஷூ கம்பெனியிலோ டேனரியிலோ வேலை பார்க்கிற வாசகர்கள் யாராவது இருந்தால் இந்த ஐப்பசி மழைக்கு உங்கள் அறையை அந்த நாலு கட்டத்தில் ஒருமுறை குறித்துப் பாருங்கள். தேதியைப் போட மறக்காதீர்கள்.